டேட்டாபேஸ் சர்வர் விழுந்தது 15 நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது: டிசிபி மறுஅனுப்பலை எங்கே, எவ்வளவுக்கு வைப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் ஓடும் பைதான் அப்ளிகேஷன், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பிரைமரி சர்வர் மின்சாரம் போய்ப் படுத்துவிட்டது. மாற்றாக நிற்கும் ஸ்டாண்ட்பை சர்வர் 30 விநாடியில் பொறுப்பேற்றுக்கொண்டது, டிஎன்எஸ் பெயரும் புது முகவரிக்கு மாறிவிட்டது. ஆனால் அப்ளிகேஷனில் ஒரு பகுதி கனெக்‌ஷன்கள் 12 நிமிடமும், இன்னொரு பகுதி 15 நிமிடத்துக்கு மேலும் அப்படியே நின்றன. கனெக்ட் டைம்அவுட் 10 விநாடி, கீப்அலைவ் (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) 60 விநாடி என்று ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். பதில் வராத பாக்கெட்டை எவ்வளவு தூரம் மறுபடி அனுப்பிப் பார்ப்பது என்று சொல்லும் டிசிபி ரிட்ரைஸ்2 என்ற கர்னல் அமைப்பை 15-லிருந்து 3 ஆக்கினால் சரியாகிவிடுமா என்பது கேள்வி.

3 ஆக்க வேண்டாம். அந்த எண்ணில் கை வைக்காமலேயே உங்கள் பிரச்சினையைத் தீர்க்கலாம். தீர்வு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் நான்கு சொற்கள்தான். ஆனால் எதை எதற்காக வைக்கிறோம் என்று புரியாமல் வைத்தால் அடுத்த முறை வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 15 நிமிடக் கணக்கு. அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வரவில்லை என்றால் டிசிபி அதை மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம் காத்திருந்து அனுப்புவது என்பதற்குப் பெயர் ஆர்டிஓ. ஒரே டேட்டா சென்டருக்குள் லினக்ஸில் இது 200 மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஒவ்வொரு முறையும் பதில் வராவிட்டால் காத்திருப்பு இரட்டிப்பாகும்: 0.2, 0.4, 0.8, 1.6 என்று போய் 102.4 விநாடி வரை. அதற்கு மேல் 120 விநாடி என்ற உச்சவரம்பில் நின்றுவிடும். முதல் பத்து காத்திருப்புகளின் கூட்டுத்தொகை 204.6 விநாடி. ரிட்ரைஸ்2 15 என்றால் மொத்தம் 16 காத்திருப்பு, ஆகவே அப்புறம் ஆறு முறை 120, அதாவது 720. மொத்தம் 924.6 விநாடி, 15 நிமிடத்துக்கு மேல். உங்கள் இரண்டாவது பகுதி கனெக்‌ஷன்கள் நின்றது இந்தக் கணக்குப்படிதான்.

அந்த நேரத்தில் அப்ளிகேஷன் சர்வரில் இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை டைமர் விவரத்தோடு ஓட்டிப் பார்த்திருந்தால் இது கண்ணெதிரே தெரிந்திருக்கும். கனெக்‌ஷன் ‘எஸ்டாப்’ (இணைப்பு நிலைத்திருக்கிறது) என்றுதான் காட்டும், ஒரு கோளாறும் இல்லாதது போல. ஆனால் பக்கத்தில் டைமர் ‘ஆன்’, மீதி 1 நிமிடம் 32 விநாடி, எண் 10 என்று இருக்கும். பத்து முறை மறுபடி அனுப்பியாயிற்று, அடுத்தது ஒன்றரை நிமிடம் கழித்து என்று அர்த்தம். அந்த வரியைப் பார்க்கும்போதே சர்வர் போய் ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகிவிட்டது. ஒப்புகை வராத பாக்கெட் எண்ணிக்கையும் அதே வரியில் இருக்கும். அடுத்த முறை இப்படி நின்றால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்த வெளியீட்டை ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாக்கில் கிடைக்காத விடை அதில் கிடைக்கும்.

சரி, கீப்அலைவ் 60 விநாடி வைத்திருந்தீர்களே, அது ஏன் உதவவில்லை? இரண்டு காரணங்கள். பலருக்கும் இரண்டுமே தெரிவதில்லை.

ஒன்று, ஒப்புகை வராத டேட்டா கையில் இருக்கும்வரை லினக்ஸ் கீப்அலைவ் சோதனையை அனுப்பவே அனுப்பாது. அப்போது பொறுப்பு முழுக்க மறுஅனுப்பல் டைமரிடம்தான். கீப்அலைவ் என்பது இரு பக்கமும் சும்மா இருக்கும் கனெக்‌ஷனுக்கு மட்டும். ஆகவே சர்வர் படுத்த பிறகு யாரெல்லாம் அதற்கு ஒரு குவெரி அனுப்பினார்களோ அவர்களுக்கெல்லாம் உங்கள் 60 விநாடி செல்லாது.

இரண்டு, 60 என்பது முதல் சோதனை எப்போது போகும் என்பதற்கான எண் மட்டுமே. அதன்பின் சோதனைகளுக்கு இடைவெளி எவ்வளவு, எத்தனை சோதனை தவறினால் கைவிடுவது என்ற இரண்டையும் நீங்கள் தொடவில்லை. லினக்ஸில் அவற்றின் இயல்பு மதிப்பு 75 விநாடி, 9 சோதனை. 75 ஐ 9 ஆல் பெருக்கினால் 675, அதோடு 60. மொத்தம் 735 விநாடி, 12 நிமிடம் 15 விநாடி. உங்கள் முதல் பகுதி கனெக்‌ஷன்கள் நின்ற நேரம் இதுவேதான். எதையுமே மாற்றாமல் விட்டிருந்தால் இயல்பு மதிப்பு 7200 விநாடியிலிருந்து தொடங்கியிருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

ஆக, ஒரு கனெக்‌ஷன் சாகும்போது அது எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு கடிகாரம் ஓடுகிறது. கனெக்ட் ஆகிக்கொண்டிருந்தால் எஸ்ஒய்என் (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்) மறுஅனுப்பல். உங்கள் கனெக்ட் டைம்அவுட் அதைத்தான் 10 விநாடியில் வெட்டுகிறது. அது இல்லாவிட்டால் நெடுங்காலமாக இருந்துவந்த லினக்ஸ் இயல்பு 1, 2, 4 என்று போய் 127 விநாடி. குவெரி அனுப்பி ஒப்புகை வராமல் இருந்தால் ரிட்ரைஸ்2. குவெரி போய்ச் சேர்ந்து, ஒப்புகையும் வந்து, விடைக்காகக் காத்திருக்கும்போது சர்வர் விழுந்தால்? இதைத்தான் அதிகம் மறந்துவிடுகிறார்கள். அனுப்ப எதுவும் பாக்கி இல்லை, ஆகவே மறுஅனுப்பலும் இல்லை. ரிட்ரைஸ்2 ஐ 3 ஆக்கினாலும் 1 ஆக்கினாலும் இந்த கனெக்‌ஷனுக்கு ஒரு விநாடிகூடக் குறையாது. இங்கே கீப்அலைவ்தான் காப்பாற்ற வேண்டும், அல்லது அப்ளிகேஷனே வைத்திருக்கும் டைம்அவுட். நீளமான ரிப்போர்ட் குவெரிகள் ஓடும் இடங்களில் இந்த நிலைதான் அதிகம்.

இப்போது ரிட்ரைஸ்2 என்ற எண்ணைப் பார்ப்போம். பெயரைப் பார்த்தால் ‘இத்தனை முறை’ என்று தோன்றும். உண்மையில் கர்னல் அந்த எண்ணை எடுத்து, ஆர்டிஓ 200 மில்லிவிநாடியாக இருந்தால் இத்தனை மறுஅனுப்பலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, அந்த நேரத்தைத்தான் வரம்பாக வைத்துக்கொள்கிறது. 15 என்றால் 924.6 விநாடி, 8 என்றால் 102.2, 5 என்றால் 12.6, 3 என்றால் வெறும் 3 விநாடி. இது குறைந்தபட்ச நேரம்தான். அந்த நேரம் கடந்த பிறகு வரும் அடுத்த டைமரில்தான் கனெக்‌ஷன் முறியும்.

இதன் விளைவைத் தொலைதூர இணைப்பில் பாருங்கள். செயற்கைக்கோள் வழியாகவோ சரியாகச் சிக்னல் கிடைக்காத மொபைலிலோ வரும் ஒருவருக்கு ஆர்டிஓ 1.2 விநாடி என்று வையுங்கள். ரிட்ரைஸ்2 உங்கள் சர்வரில் 5. மறுஅனுப்பல்கள் 1.2, 3.6, 8.4 விநாடிகளில் போகும். அடுத்த டைமர் 18 விநாடியில். அதற்குள் 12.6 தாண்டிவிட்டது, கனெக்‌ஷன் முறிந்துவிடும். 5 என்று எழுதியும் அவருக்குக் கிடைத்தது மூன்றே வாய்ப்பு. 3 என்று எழுதியிருந்தால் இன்னும் குறைவு. உங்கள் டேட்டாபேஸுக்காக மாற்றிய எண் சிக்னல் மோசமான பயனரைத் தண்டிக்கிறது. ஏனென்றால் இந்த அமைப்பு மெஷினில் உள்ள எல்லா கனெக்‌ஷனுக்கும் பொது: எஸ்எஸ்எச், பேக்கப், ரெப்ளிகேஷன் எல்லாவற்றுக்கும். 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் இந்த வரம்பு குறைந்தது 100 விநாடியாவது இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு 8-க்குக் கீழே போகக் கூடாது. ஒரு கிளஸ்டர் மென்பொருளுக்காகவே ஒதுக்கிய மெஷின், எல்லாரும் ஒரே ரேக்கில் என்றால் 5 வைப்பதில் நியாயம் இருக்கிறது; எலாஸ்டிக்சர்ச் ஆவணங்கள் அப்படித்தான் பரிந்துரைக்கின்றன. பல வேலைகள் ஓடும் மெஷினில் நான் செய்ய மாட்டேன்.

இதைக் குறைத்தால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெட்வொர்க்கில் சில நிகழ்வுகள் சில விநாடிகள் எடுத்துக்கொள்வது இயல்பு. ஸ்விட்சுகளுக்கிடையே வழியைத் தேர்ந்தெடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ ஒரு வழி அறுந்தால் மறுபடி தேறி வர 30 முதல் 50 விநாடி எடுக்கும். விர்ச்சுவல் மெஷினை ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும். 3 விநாடியில் கைவிடும் அப்ளிகேஷன், தானாகச் சரியாகிவிடக்கூடிய இந்தத் தடங்கலைப் பெரிய விபத்தாக மாற்றிவிடும். எல்லா கனெக்‌ஷனும் ஒரே நேரத்தில் முறியும், எல்லா த்ரெட்டும் ஒரே நேரத்தில் மறுபடி லாகின் செய்ய ஓடும். உங்கள் இடத்தில் ஸ்டாண்ட்பை எழுந்து நிற்கவே 30 விநாடி ஆகிறது. 3 விநாடியில் கண்டுபிடித்துவிட்டு மீதி 27 விநாடி யாரிடம் போய்க் கேட்கப் போகிறீர்கள்?

ஆகவே நான் வைக்கச் சொல்வது இது. ஒப்புகை இல்லாமல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் (ஓர் இணைப்பின் முனை) தனியாக, நேரமாகவே சொல்ல லினக்ஸில் யூசர் டைம்அவுட் என்று ஒரு சாக்கெட் ஆப்ஷன் இருக்கிறது. 2.6.37 கர்னலிலிருந்தே உண்டு. போஸ்ட்கிரெஸின் கிளையன்ட் நூலகமான லிப்பிக்யூ 12-ஆம் பதிப்பிலிருந்து இதை கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கிலேயே ஏற்றுக்கொள்கிறது, பைதானின் சைகோபிஜி அதன் மேல்தான் ஓடுகிறது. மதிப்பு மில்லிவிநாடியில் என்பதைக் கவனியுங்கள். 30 விநாடி வேண்டுமென்றால் 30000 என்று எழுத வேண்டும். 30 என்று எழுதினால் 30 மில்லிவிநாடி ஆகி, சின்னத் தாமதத்துக்கெல்லாம் கனெக்‌ஷன் விழும். அதோடு கீப்அலைவ் மூன்றையும் சேர்த்து வையுங்கள்: முதல் சோதனை 15 விநாடியில், இடைவெளி 5, எண்ணிக்கை 3. இவை மில்லிவிநாடி அல்ல, விநாடி. 15 உம் மூன்று ஐந்தும் சேர்ந்து 30. இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் அடிக்கும்படி வைப்பது வேண்டுமென்றேதான். யூசர் டைம்அவுட் வைத்த சாக்கெட்டில் கீப்அலைவ் எப்போது கைவிடுவது என்பதையும் கர்னல் யூசர் டைம்அவுட்டை வைத்தே முடிவு செய்கிறது, எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. இரண்டும் பொருந்தாமல் இருந்தால் நடப்பது ஒன்று, நீங்கள் எதிர்பார்த்தது ஒன்று என்று ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எதிர்ப்பக்கம் உயிரோடு இருந்து, ஆனால் டேட்டாவைப் படிக்காமல் நின்றாலும், அதாவது அதன் விண்டோ (இன்னும் வாங்கிக்கொள்ளக்கூடிய அளவு) பூஜ்யமாக இருந்தாலும், யூசர் டைம்அவுட் கனெக்‌ஷனை முறித்துவிடும். ரிட்ரைஸ்2 அப்படிச் செய்யாது, எதிர்ப்பக்கம் சோதனைக்குப் பதில் சொல்லும்வரை பொறுத்திருக்கும். பெரிய அளவில் டேட்டாவை உள்ளே ஏற்றும் வேலைகளில், டேட்டாபேஸ் டிஸ்க்குக்காகக் கொஞ்சம் மூச்சு வாங்கினால் 30 விநாடி போதாமல் போகலாம். அந்த வேலைக்குத் தனி கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் வைத்து, நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாக்கெட் வாரியாக அமைப்பதன் வசதியே அதுதான்.

ஜாவாவில் இதே நிலைமை என்றால் வழி கொஞ்சம் மாறும். ஜேடிகேயில் யூசர் டைம்அவுட்டுக்கு நேரடி ஆப்ஷன் இல்லை. நெட்டி என்ற நெட்வொர்க் நூலகத்தின் ஈபோல் வழியில் உண்டு. போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவரில் சாக்கெட் டைம்அவுட் என்று இருப்பது வேறு, அது விடை வரும்வரை எவ்வளவு பொறுப்பது என்பது. 30 விநாடி வைத்தால் ஒழுங்காக ஓடும் ஒரு நிமிடக் குவெரியும் செத்துவிடும். சர்வீஸ்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படும் ஜிஆர்பிசியில் கீப்அலைவை இயக்கினால் லினக்ஸில் அதுவே யூசர் டைம்அவுட்டையும் வைத்துவிடுகிறது.

கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிட்ரைஸ்2 ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் (கன்டெய்னருக்கென்று பிரித்த நெட்வொர்க் பகுதி) தனி. ஹோஸ்டில் 8 என்று மாற்றினாலும் புதிதாக உருவாகும் கன்டெய்னருக்குள் 15 என்றுதான் இருக்கும். குபெர்னெட்டிஸில் அது பாதுகாப்பான அமைப்புகள் பட்டியலிலும் இல்லை, தனியாக அனுமதித்தால்தான் மாற்ற முடியும். ‘மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். கன்டெய்னருக்குள் போய் மதிப்பைப் பாருங்கள்.

நடுவில் ஃபயர்வாலோ லோட் பேலன்சரோ முகவரியை மாற்றும் நேட் சாதனமோ இருந்தால், அது சும்மா இருக்கும் கனெக்‌ஷனை எத்தனை விநாடியில் மறக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அமேசானின் நேட் கேட்வேயில் 350 விநாடி, அஸூர் லோட் பேலன்சரில் இயல்பாக 4 நிமிடம். கீப்அலைவ் முதல் சோதனை இதற்குள் போய்விட வேண்டும். மேலே சொன்ன 15 எல்லாவற்றுக்கும் போதும்.

மறுஅனுப்பலை வேகப்படுத்துவது பற்றியும் கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 200 மில்லிவிநாடியை 10 ஆகக் குறைக்கலாமா என்று. ரூட் வாரியாக அதை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் லினக்ஸ் ஒப்புகையைத் தாமதித்து அனுப்பும்போது 40 மில்லிவிநாடி வரை சாதாரணமாகவே வைத்திருக்கும். அதற்குக் கீழே போனால் தொலையாத பாக்கெட்டையும் தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். அதோடு, இன்றைய டிசிபியில் பெரும்பாலான இழப்புகள் ஆர்டிஓ வரை போவதே இல்லை. நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வந்தவற்றின் ஒப்புகையை வைத்தே உடனே கண்டுபிடித்துவிடும். கடைசிப் பாக்கெட் தொலைந்தால், போய்வரும் நேரத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கில் ஒரு சோதனைப் பாக்கெட் போகும். 2021-இல் ஆர்எஃப்சி 8985 ஆக வந்த ராக்-டிஎல்பி இதுதான், லினக்ஸில் இயல்பாகவே இயங்குகிறது.

இரட்டிப்பாக்கும் வழக்கத்தைக் குறை சொல்பவர்களுக்கு 1986 அக்டோபரை நினைவூட்ட விரும்புகிறேன். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தூரம் 400 கெஜம்தான். அங்கே விநாடிக்கு 32 கிலோபிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டாகச் சரிந்தது. கிலோபிட் அல்ல, வெறும் 40 பிட். நெரிசலில் தாமதமான பாக்கெட்டைத் தொலைந்ததாக நினைத்து எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலை இன்னும் கூட்டினார்கள். அதை ஆராய்ந்து வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஆர்டிஓ கணக்கு வருகிறது: சராசரிப் பயண நேரத்தோடு அதன் ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டுவது, தோற்றால் பின்வாங்குவது. மறுஅனுப்பல் என்பது மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் பாதையில் நாம் எடுத்துக்கொள்ளும் கூடுதல் இடம். அதை எப்போது நிறுத்துவது என்று நாம் முடிவு செய்யலாம். எவ்வளவு வேகமாக அடிப்பது என்பதை டிசிபியிடமே விட்டுவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது.

இதே ஒழுக்கம் உங்கள் அப்ளிகேஷனின் ரீகனெக்ட் லூப்புக்கும் வேண்டும். 1 விநாடி, 2, 4 என்று கூட்டிக்கொண்டு போங்கள், ஒவ்வொரு ப்ராசஸும் ஒரே நொடியில் போய் விழாமல் அதில் கொஞ்சம் தற்செயல் வித்தியாசம் சேருங்கள்.

ஆனால் இங்கே டிசிபிக்கு இருக்கும் ஒரு பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. டிசிபி ஒரே பாக்கெட்டைப் பத்து முறை அனுப்பினாலும் வரிசை எண்ணைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு குவெரியை மறுபடி அனுப்பினால் டேட்டாபேஸுக்கு அது புதுக் குவெரி. கமிட் (மாற்றங்களை நிலையாகப் பதியும் கட்டளை) அனுப்பிய பிறகு கனெக்‌ஷன் டைம்அவுட்டில் முறிந்தால், அந்த கமிட் நடந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. டைம்அவுட்டை 15 நிமிடத்திலிருந்து 30 விநாடிக்குக் கொண்டுவரும்போது இந்தச் சந்தேக நிலை உங்களுக்கு அடிக்கடி வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும், கிளையன்ட் பக்கத்திலேயே உருவாக்கிய ஒரு கோரிக்கை எண்ணை யூனிக் கீயாக அதே டிரான்ஸாக்‌ஷனில் எழுதிவிடுங்கள். மறுபடி அனுப்பும்போது அது மோதினால் முந்தையது நடந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். டிரான்ஸாக்‌ஷன் எண்ணை முன்பே வாங்கி வைத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து அதன் நிலையை நேரடியாகவும் கேட்க முடியும். இதைச் செய்யாமல் வெறும் டைம்அவுட்டை மட்டும் குறைக்காதீர்கள்.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பது. போஸ்ட்கிரெஸ் ப்ராசஸைக் கொன்று பார்ப்பது இதற்குச் சோதனை ஆகாது. ப்ராசஸ் செத்தாலும் கர்னல் உயிரோடு இருக்கும், உடனே கனெக்‌ஷனை மூடிவிட்டதாக எதிர்ப்பக்கத்துக்குச் செய்தி அனுப்பிவிடும், உங்கள் அப்ளிகேஷன் ஒரு நொடியில் தெரிந்துகொள்ளும். மின்சாரம் போனால் அப்படி யாரும் சொல்வதில்லை. அதைப் போலச் செய்ய, டெஸ்ட் டேட்டாபேஸ் மெஷினில் ஐபிடேபிள்ஸ் வழியாக 5432 போர்ட்டுக்கு வருவது, போவது இரண்டையும் ட்ராப் செய்யுங்கள். ரிஜெக்ட் வேண்டாம், அது பதில் அனுப்பிவிடும். போர்ட்டைக் குறிப்பிட மறந்தால் உங்கள் எஸ்எஸ்எச்சும் போய்விடும். மூன்று நிலைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்: சும்மா இருக்கும் கனெக்‌ஷன், ட்ராப் செய்தபின் குவெரி அனுப்பும் கனெக்‌ஷன், நீளமான ஸ்லீப் குவெரி ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ராப் செய்த கனெக்‌ஷன். மூன்றும் 30 விநாடியை ஒட்டி முறிய வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் முறியாமல் நின்றால் கீப்அலைவ் அந்த சாக்கெட்டில் இயங்கவில்லை. இரண்டாவது நின்றால் யூசர் டைம்அவுட் போய்ச் சேரவில்லை, லிப்பிக்யூ பதிப்பைப் பாருங்கள். அதே சப்நெட்டில் மெஷினையே அணைத்துப் பார்த்தால் பிழைச் செய்தி ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்பதற்குப் பதில் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று வரலாம். ஏஆர்பி (அதே சப்நெட்டில் மெஷினைத் தேடும் கேள்வி) பதில் கிடைக்காததால் அப்படி. உங்கள் மறுமுயற்சி கோட் இரண்டு பிழையையும் ஒரே மாதிரி கையாள வேண்டும்.

புரொடக்‌ஷனில் போட்டபின் ஒரு வாரம், நெட்வொர்க் எண்ணிக்கைகளைக் காட்டும் என்ஸ்டாட் கட்டளையில் ‘டிசிபி அபார்ட் ஆன் டைம்அவுட்’ எண்ணைக் கவனியுங்கள். சர்வர் எதுவும் விழாத நாளிலும் அது ஏறிக்கொண்டே இருந்தால் 30 விநாடி உங்கள் நெட்வொர்க்குக்குப் போதவில்லை. 45 ஆக்குங்கள், கீப்அலைவ் எண்களையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.